பாப்பாவின் வலது கை

என் அண்ணியைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தனியாளாகத் தையல் கடை நடத்துகிறவள். சொன்ன தேதிக்கு முன்னால் வந்து நச்சரித்தால் வாசலோடு திருப்பி அனுப்புவாள். நாத்தனார் என்ற சலுகையெல்லாம் எனக்கும் கிடையாது.

அவள் குழந்தை பாப்பாவுக்குப் பத்து மாதம் இருக்கும்போது ஒரு காலையில் வலது கையைத் தூக்கவே இல்லை. சட்டை மாற்றப் போனால் வீல் என்று அழுதது. முந்தின நாள் அண்ணன் கையைப் பிடித்துத் தூக்கி விளையாடியிருந்தான். அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

தெருமுனை டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"காய்ச்சல் இருந்துச்சா?"

"இல்லைங்க" என்றாள் அண்ணி.

சுளுக்காக இருக்கும், ரெண்டு நாள் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் மதியம் உடம்பு அனலாகக் கொதித்தது. தோள் வீங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "தோள் மூட்டுக்குள்ள சீழ் கட்டியிருக்கு. அபூர்வமாத்தான் இப்படி வரும். உடனே திறந்து கழுவணும். காய்ச்சல் எப்பலேருந்து?" என்று கேட்டார்.

"கையைத் தூக்காத அன்னைக்கே இருந்துச்சு" என்றாள் அண்ணி. "வீட்ல இருந்த சிரப்பைக் கொடுத்தேன், இறங்கிடுச்சு. கேக்காம ஏன் கொடுத்தேன்னு திட்டுவாருன்னு பயந்து அந்த டாக்டர்கிட்ட இல்லைன்னுட்டேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவள் அதற்குள் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிவிட்டாள். பாப்பாவை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

பிள்ளை பிழைத்தது. மூன்று வாரம் ஊசி மருந்து ஏறியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, "எலும்பு வளர்ற இடத்துக்குப் பக்கத்துலயே சீழ் இருந்திருக்கு. கை வளர்றது குறையலாம். வருஷக்கணக்கா கவனிக்கணும். வித்தியாசம் தெரிஞ்சா உடனே வாங்க" என்றார்.

நாலு வருஷமாக அண்ணி மாதம் ஒருமுறை தையல் டேப்பை வைத்துப் பாப்பாவின் இரண்டு கைகளையும் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளக்கிறாள்.

போன வாரம் மூன்று தடவை அளந்தாள். பிறகு டேப்பை என்னிடம் நீட்டினாள்.

"என் கண்ணு சரியில்ல. நீ பாரு."

அளந்தேன். வலது கை அரை அங்குலம் குறைந்திருந்தது. சரியாத்தான் இருக்கு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணன் அதைக் கேட்கத்தான் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அரை அங்குலம் குறையுது அண்ணி. இப்பவே கிளம்பலாம்."

அண்ணி பாப்பாவுக்குச் செருப்பை மாட்டிவிட்டாள்.

"எனக்கும் அதேதான் வந்துச்சு" என்றாள். "மூணு தடவையும்."