அப்பா எழுதச் சொன்ன ஒரு வரி

அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் இறந்த மறுவருஷம் அப்பா உயில் எழுதக் கிளம்பினார். பழனிசெட்டிபட்டியில் இருந்த என்னையும் உத்தமபாளையத்துப் பத்திர ஆபீஸுக்கு வரச் சொல்லியிருந்தார். அனுமந்தன்பட்டியில் எங்களுக்கு ஒரு திராட்சைத் தோட்டமும் வீடும் இருந்தன. தோட்டம் அண்ணனுக்கு, வீடு எனக்கு. அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பத்திரம் எழுதுபவர் எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். அப்பா கால்களை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "இன்னும் ஒரு வரி சேத்துக்கங்க" என்றார்.

"சொல்லுங்கய்யா."

"நான் நெனவில்லாமக் கெடந்தா, வாயில கொழாயச் சொருகி மிஷின்ல போடக் கூடாது. அதையும் எழுதுங்க."

எழுதுபவர் பேனாவை மூடினார். "உயிலு நீங்க போன பெறகுதாங்கய்யா பேசும். உசுரோட இருக்கையில அது செல்லாது."

"அப்ப அதுக்கு முன்னாடி பேசறதுக்கு எந்தப் பத்திரம் இருக்கு?"

"அப்படி ஒண்ணு நம்ம பக்கம் கெடயாதுய்யா. பிள்ளைககிட்டச் சொல்லி வைங்க."

அம்மாவுக்குப் புற்றுநோய். கடைசி நாட்களில் குழாயைப் பிடுங்கிவிடுவாள் என்று கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அந்தக் கைகளைத்தான் அப்பாவால் மறக்க முடியவில்லை.

அன்று மாலையே தோட்டத்துக்குப் போய் அண்ணனிடம் சொன்னார். பந்தலுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த அண்ணன், "பேசற பேச்சாப்பா இது" என்று அடுத்த வரிசைக்குப் போய்விட்டான். அப்பா விடவில்லை. மதினியிடம் சொன்னார். ஊசி போட வந்த நர்ஸிடம் சொன்னார். எனக்குப் போன் பண்ணும்போதெல்லாம், "ஞாபகம் இருக்குல்ல ஆத்தா?" என்பார். வீட்டில் போன் மணி அடித்தால் உடனே எடுக்காமல் அடிக்கவிட ஆரம்பித்தேன்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு நிமோனியா கண்டது. அண்ணன் காரில் மதுரைக்குக் கொண்டுபோய்விட்டான். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவில்லை. டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"மெஷின்ல வச்சா நுரையீரல் தேற வாய்ப்பு இருக்கு. தேறும்னு உறுதி தர முடியாது. சீக்கிரம் சொல்லுங்க."

வெளியே வந்ததும் நான் சொன்னேன். "அப்பா வேணாம்னு சொல்லியிருக்காகண்ணே."

"அம்மாவப் பாத்துட்டுச் சொன்னாக. அது வேற நோவு, இது வேற. இவுக பொழைக்க வழி இருக்குங்கிறாக டாக்டர்."

"பொழைக்கலேன்னா? அம்மா மாதிரியே கெடப்பாக."

அவன் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டான். அப்பாவின் கைகளையும் கட்டினார்கள். நான் ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்காரவே இல்லை. குடிதண்ணீர்க் குழாய்வரை போவேன், திரும்புவேன். அண்ணனைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார்.

குழாயை எடுத்த பிறகு கரகரத்த குரலில் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரு போடச் சொன்னது?"

"நான்தாம்ப்பா" என்றான் அண்ணன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊருக்கு வந்த பிறகும் அவனோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் தோட்டத்துக்குப் போனார். அந்த வருஷக் கவாத்துக்குக் கத்தரிக்கோலோடு பந்தலடியில் நின்றார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றியது: என் பேச்சு எடுபட்டிருந்தால் இந்த மனிதர் இங்கே நின்றிருக்க மாட்டார். ஆனால் நான் சொன்னது அவர் சொல்லிவைத்ததைத்தானே.

அறுவடை முடிந்த சமயம் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார்.

"எந்திரிச்சு நடமாடுவேன்னா மிஷின்ல போடுங்க. மாட்டேன்னா வீட்டுக்குக் கொண்டாந்துருங்க."

அண்ணன் கேட்டான். "எந்திரிப்பீகளா மாட்டீகளான்னு எங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"எனக்கும் தெரியலடா. டாக்டரக் கேளுங்க. பெறகு ரெண்டு பேரும் சேந்து சொல்லுங்க. ஒருத்தர் தலையில விட்டுறாதீக."

சில வருஷங்கள் கழித்துத் தலையில் ரத்தக்குழாய் வெடித்து விழுந்தார். அதே மதுரை. இந்தத் தடவை அண்ணனே டாக்டரிடம் கேட்டான். "எந்திரிப்பாகளா?"

"எனக்குத் தெரிஞ்சவரைக்கும் மாட்டார்."

அண்ணன் என்னைப் பார்த்தான்.

"நீ சொல்லாம நான் சொல்ல மாட்டேன்" என்றான்.

வாசல்வரை நடந்தேன். பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து, "வீட்டுக்குக் கொண்டு போவம்ணே" என்றேன். அவன் அதையே டாக்டரிடம் சொன்னான். அழுதுகொண்டே சொன்னான்.

வீட்டில் கூடத்தில் படுக்கவைத்தோம். மறுநாள் காலையில், அண்ணன் ஈரத்துணியால் உதட்டை நனைத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது. துக்கத்துக்கு வந்த சித்தப்பா, "வசதி இருந்தும் வைத்தியம் பாக்காம விட்டுட்டீகளே" என்றார். "ரெண்டு பேரும் சேந்துதான் முடிவு பண்ணோம் சித்தப்பா" என்று அண்ணன் சொன்னான். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. உயில்படி வீடும் தோட்டமும் சத்தமில்லாமல் பேர் மாறின.

இப்போதும் சில நாள் அண்ணன் போன் பண்ணி, மழையைப் பற்றி, திராட்சை விலையைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் கேட்பான். "நாம செஞ்சது சரிதான?"

"சரிதாண்ணே" என்பேன். போனை வைத்த பிறகு ஒரு வேலையும் ஓடாது. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிப்பேன். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடிப்பேன்.