நான்காம் நிரலில் எழுதியது

விதி ஒன்பது இப்படிச் சொல்கிறது: ஒரு வீரர் தன் தந்தையின் ஊருக்கோ, தாயின் ஊருக்கோ, திருமணத்தால் உறவான ஊருக்கோ மட்டுமே விளையாடலாம். அணி மாறும் விண்ணப்பம் கையில் கிடைத்த நாளிலிருந்து பதினான்கு நாட்களுக்குள், அவரைச் சேர்க்கவிருக்கும் அணியின் பொறுப்பாளர் எழுத்தில் பதில் தரவேண்டும். பதில் வராவிட்டால் விண்ணப்பம் மறுக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

இதை எழுதியவன் நான். எழுதியபடி நடத்தியவனும் நான், ஒரேயொரு தடவை தவிர. போன ஞாயிறு பின்னேரம், நோர்வேயில் ஒஸ்லோவை அடுத்த லோறென்ஸ்கூக்கில், என் மகன் வீட்டுச் சோபாவில் இருந்திராவிட்டால் அந்த ஒரு தடவை என்னோடேயே போயிருக்கும்.

மகனும் நண்பர்கள் இரண்டு பேரும் அமெரிக்கக் கால்பந்து பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். கால்பந்து என்று பெயர். பெரும்பாலும் கையில் வைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. நின்று, பார்த்து, மற்றவர்களுக்குப் பந்தை எறிந்து கொடுப்பது அவர் வேலை. அவர் இல்லாத அணி தலையில்லாத அணி. அப்படிப்பட்ட ஒருவரை ஓர் அணி விடப்போகிறதாம், இன்னொன்று எடுக்கப்போகிறதாம், கணக்குச் சரிவர நடுவில் மூன்றாவது அணி ஒன்றும் வேண்டுமாம். மகன் கோப்பிக் கோப்பைகள் மூன்றை மேசையில் வைத்து, டிவியின் ரிமோட்டை ஒன்றிலிருந்து மற்றதற்கு நகர்த்தி விளக்கினான். மூன்றாவது கோப்பை என்னுடையது. நான் இன்னும் குடித்து முடித்திருக்கவில்லை.

இரண்டு தற்காப்பு வீரர்களைக் கொடுப்பது முட்டாள்தனம் என்றான் ஒரு நண்பன். குவார்ட்டர்பேக் இல்லாமல் பத்து வருடம் இருந்து பார், அப்போது தெரியும் என்றான் மற்றவன். அந்த நேரம் மருமகள் ஒரு தட்டு ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தாள். சென்னைக்காரி. எங்கள் ரோல்ஸை இங்கே வந்துதான் பழகினாள், இப்போது எங்களுக்கே சொல்லித்தருகிறாள். மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அந்த பிளேயர்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா? அவருக்குப் போக இஷ்டமா?"

"கேக்கத்தான் வேணும்," என்றான் மகன். "அவன்ர ஒப்பந்தத்தில இருக்கு. அவன் ஓம் எண்டாத்தான் மாத்தலாம்."

எங்கள் அணிமாற்றப் படிவத்திலும் அப்படி ஒரு நிரல் இருந்தது என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓய்வுபெற்றவனின் குரலுக்கு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் உறுமலளவு மதிப்புத்தான். நான் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தேன். பொரித்த ரொட்டித் தூளும் மிளகும் ஆட்டிறைச்சியும் மணத்தன. அந்த மணத்துக்குப் பின்னால், அழைக்காமலே, ஈரப்புல்லின் மணமும் முழங்காலுக்குப் பூசும் தைலத்தின் மணமும் வந்தன. கோடைப் போட்டி மைதானம் அது.

தொண்ணூறுகளின் கடைசி. ஒஸ்லோவில் யாழ்ப்பாணத்தாராகிய எங்களுக்கு, விட்டுவந்த ஊருக்கொரு அணி இருந்தது. ஊர்ப்பெயர்களை எழுதமாட்டேன், இன்றைக்கும் கோபிக்க ஆட்கள் இருக்கிறார்கள். யார் எங்கே அதிகம் குடியிருந்தார்களோ அந்த இடத்தின் பெயரால் சொல்கிறேன்: மோர்டென்ஸ்ருட் அணி, வெஸ்ட்லி அணி, லோறென்ஸ்கூக் அணி. நான் போட்டிக் குழுவின் செயலாளர். பகலில் நகராட்சியில் வேலை. வீட்டுக்குப் பலகணி கட்ட அனுமதி கேட்டவர்களுக்குக் கடிதம் எழுதுவேன். மாலையில் அதே மொழிநடையில் கால்பந்தாட்டக்காரர்களுக்கு எழுதுவேன். என் முத்திரையைப் பார்த்து என் மனைவி சிரிக்காத நாளில்லை. "பெற்றது" என்று ஒரு பக்கமும் திகதி ஒரு பக்கமும் விழும் முத்திரை. நல்ல முத்திரை.

எங்கள் குவார்ட்டர்பேக்கின் பெயர் ரமணன். மோர்டென்ஸ்ருட் அணியின் நடுக்கள வீரன். மெலிந்த ஆள், ஓட்டமும் பெரிதாக இல்லை. ஆனால் பந்து காலுக்கு வந்ததும் தலையை நிமிர்த்துவான். அடுத்த கணம் பந்து யாருக்குத் தேவையோ அவரிடம் இருக்கும். வெஸ்ட்லி அணியின் பொறுப்பாளர் சிவபாதத்தார் மூன்று இறுதியாட்டங்களில் இவனிடம் தோற்றவர். நான்காம் வருடம் அவர் தோற்கத் தயாராக இல்லை. ரமணனை எப்படியாவது எடுப்பது என்று முடிவுகட்டினார்.

பேச்சுவார்த்தை நடந்தது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில். பிள்ளைகள் உள்ளே படிக்க, தகப்பன்மார் நடைபாதையில் கோப்பிப் போத்தலோடு மூன்று மணித்தியாலம் காத்திருப்போம். ஒஸ்லோத் தமிழரின் பெரிய முடிவுகள் பல அந்த நடைபாதையில் எடுக்கப்பட்டவை. பெரும்பாலானவை அங்கேயே கைவிடப்பட்டவை. மோர்டென்ஸ்ருட்காரர் சொன்னார், ரமணனை விடலாம், ஆனால் லோறென்ஸ்கூக்கின் கோல் காப்பாளர் வேண்டும். லோறென்ஸ்கூக்காரர் சொன்னார், காப்பாளரை விடலாம், ஆனால் வெஸ்ட்லியின் தற்காப்பு ஆடும் அண்ணன் தம்பி இருவரும் வேண்டும். நடைபாதை இரண்டாகப் பிரிந்து நாலு சனிக்கிழமை வாதாடியது. கடைசியில் ஒரு வெறும் வகுப்பறைக்குள் போய், "அணில், ஆடு, இலை" என்று எழுதியிருந்த கரும்பலகையின் கீழ்ப்பாதியில் அம்புக்குறிகள் போட்டோம்.

காப்பாளருக்குத் தாய்வழி ஊர் பொருந்தியது. அண்ணன் தம்பிக்கும் பொருந்தியது. ரமணனுக்குத்தான் வெஸ்ட்லிக்காரரின் ஊரில் ஒரு உறவும் இல்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையில் ஒரு வயல்வெளியும் ஒரு ஒழுங்கையும்தான். ஆனால் அந்த ஒழுங்கையைத் தாண்டிச் சம்பந்தம் செய்ததில்லை. ஏனென்று கேட்டுப் பாருங்கள். எந்த யாழ்ப்பாணத்தாரும் உடனே வானிலை பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்.

அந்த நேரம் அந்த வகுப்பின் ஆசிரியை உள்ளே வந்தாள். தயாளினி, சிவபாதத்தாரின் மகள். வாரநாளில் மருத்துவமனையில் தாதி, சனியில் என் மகனுக்குத் தமிழ். பலகையைப் பார்த்தாள்.

"அப்பா, உறவு எண்டு என்னத்தை எழுதப்போறியள்?"

"அதை அவன் பாப்பான். கெட்டிக்காரப் பொடியன், ஏதாவது கண்டுபிடிப்பான்."

"ஓம்," என்றாள், அழிப்பானை எடுத்துக்கொண்டே. "அவர் பாப்பார்."

தகப்பனின் 'அவன்' மகளின் வாயில் 'அவர்' ஆனதை அந்த அறையில் கேட்டவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் தற்காப்பு பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து நாளில் விண்ணப்பம் வந்தது. முதல் மூன்று நிரல்கள் ரமணனின் கோழிக்கிறுக்கல். நான்காம் நிரல், 'எவ்வழி உறவு' என்பது, வட்டமான அழகிய எழுத்தில் நிரப்பப்பட்டிருந்தது. என் மகனின் தேர்ச்சி அறிக்கையில் ஒவ்வொரு தவணையும் நான் பார்க்கும் எழுத்து. "திருமணத்தால். பெண்: தயாளினி சிவபாதம்."

நான் முத்திரை குத்தினேன். பிரதி எடுத்தேன். முறைப்படி வெஸ்ட்லிக்குத் தபாலில் அனுப்பினேன்.

இரண்டு சனிக்கிழமைகள் சிவபாதத்தார் என்னுடன் கோப்பி குடித்தார். மழை பற்றியும் சப்பாத்து ஆணிகள் பற்றியும் கதைத்தார். பதினைந்தாம் நாள், தனியாக என்னை ஜன்னலடிக்குக் கூப்பிட்டார்.

"பதினாலு நாள் முடிஞ்சுது, என்ன?"

"ஓம், அண்ணை."

"அப்ப நீர் விண்ணப்பத்தை மூடலாம்."

அப்போதுதான் விளங்கியது. வேண்டாம் என்று மகளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதை என் விதி சொல்லவேண்டும். அவர் ஒன்றும் சொல்லாமலே எல்லாம் முடிந்துவிடும், கோப்பில் என் கையெழுத்து இருக்கும். எத்தனையோ பலகணி விண்ணப்பங்களை நான் அப்படி மூடியவன், ஒன்றுக்கும் வருந்தியதில்லை. ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கடிதம் உங்கட கையில கிடைச்சதுக்கு என்னட்டை அத்தாட்சி இல்லை, அண்ணை," என்றேன். "கிடைச்ச நாளிலயிருந்துதான் பதினாலு. திருப்பி அனுப்புறன்."

அவர் கோப்பிக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "சட்டம் தெரிஞ்ச மனுசன்," என்று மட்டும் சொன்னார். வசை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

திருப்பி அனுப்பினேன். பிறகு மாதம் ஒன்று. "தங்கள் பதில் இன்னும் கிடைக்கப்பெறவில்லை. விடயம் தொடர்ந்து பரிசீலனையில் உள்ளது." நகராட்சியில் இதற்கு இடைக்காலப் பதில் என்று பெயர், ஒன்றும் சொல்லாமல் ஒரு கோப்பை உயிரோடு வைத்திருக்கும் கலை. என் வாழ்நாளில் அந்தக் கலையால் பயன் கண்டது அப்போதுதான்.

இதற்கிடையில் கைமாற்றம் முழுதும் கவிழ்ந்தது. ஒரு கல் நகராமல் மற்றக் கற்கள் நகருமா? காப்பாளர் லோறென்ஸ்கூக்கிலேயே நின்றார், அண்ணன் தம்பி வெஸ்ட்லியிலேயே நின்றார்கள். ரமணன் பழைய சட்டையோடு வெஸ்ட்லிக்கு எதிராக விளையாடினான். மழை. நான் கோட்டோரத்தில் சிவபாதத்தாருக்குப் பக்கத்தில் குடைபிடித்து நின்றேன். இடைவேளைக்குச் சற்று முன் ரமணன் தலையை நிமிர்த்தி, யாரும் பார்க்காத ஒரு இடைவெளிக்குள் பந்தைத் தள்ளினான். கோல். நாலாவது தோல்வி அங்கே தொடங்கியது. சிவபாதத்தார் குடைக்கு வெளியே ஒரு அடி எடுத்து வைத்து, எனக்கா தனக்கா என்று தெரியாமல் சொன்னார்:

"சரியான ஆளுக்குத்தான் குடுக்கிறான்."

நவம்பரில் தயாளினி தொலைபேசி எடுத்தாள்.

"மாமா, உங்கட கடிதமெல்லாம் அப்பாவின்ர மேசை லாச்சியில இருக்கு. ஒண்டையும் கிழிக்கேல்லை."

"எத்தினை?"

"அஞ்சு. கிளிப் போட்டு வச்சிருக்கிறார்."

கடிதத்தைக் கிழிப்பவன் முடிவெடுத்தவன். கிளிப் போட்டு வைப்பவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. அவ்வளவு காலம் மற்றவர்களின் விண்ணப்பங்களோடு வாழ்ந்ததில் எனக்குக் கிடைத்த ஞானம் இது ஒன்றுதான். அதை அவளிடம் சொன்னேன். பிறகு, "எழுதுறதை மட்டும் நிப்பாட்டாதேங்கோ," என்றாள். நான் நிறுத்தவில்லை.

இன்றைக்கு விதி ஒன்பது இல்லை. தந்தை ஓர் ஊர், தாய் ஓர் ஊர், மனைவி மூன்றாவது நாடு என்று பிள்ளைகள் வளர்ந்தபின் நான்காம் நிரலில் இடம் போதவில்லை. பத்து வருடங்களுக்கு முன் நானே அதை நீக்கப் பிரேரித்தேன். ஊர் அணிகளும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. சனிக்கிழமை நடைபாதையில் கோப்பிப் போத்தல் இல்லை. தகப்பன்மார் மின்சாரக் காரின் சூட்டுக்குள் இருந்து கைபேசி பார்க்கிறார்கள். மகனும் நண்பர்களும், தங்கள் உறவினர் ஒருவரும் இல்லாத நகரங்களின் அணிகளுக்காகத் தொண்டை கிழிய வாதாடுகிறார்கள், எந்த உறவால் என்று எவரும் கேட்பதில்லை. வருந்தவேண்டியவன் நான். வருத்தம் வரவில்லை. ரோல்ஸ்தான் இன்னொன்று எடுத்தேன்.

முத்திரையையும் கோப்புகளையும் ஓய்வுபெற்ற அன்றே எறிந்துவிட்டேன். ஒரு தாள் மட்டும் இருக்கிறது. வெஸ்ட்லியிலிருந்து வந்தது, என் சொந்த நடையைப் பார்த்துச் சிவபாதத்தார் எழுதியது: "மேற்படி விண்ணப்பத்துக்கு ஆட்சேபணை இல்லை. தாமதத்துக்கு வருந்துகிறேன்." கீழே பென்சிலில், அவசரமாக: "நடுக்களத்தில் மட்டும்." போட்டி முடிந்து அரை வருடம். மைதானத்தின் மேல் முழங்காலளவு பனி. எந்த அணியும் எவரையும் மாற்றமுடியாத காலம். அந்தக் கடிதம் அனுமதிப்பதற்கு உலகில் ஒரேயொரு விடயம்தான் மிஞ்சியிருந்தது: நான்காம் நிரலில் எழுதியது. நான் முத்திரையை எடுத்து, மையைச் சரிபார்த்து, நேராகக் குத்தினேன்.

பெற்றது: பெப்ரவரி பன்னிரண்டு, வியாழக்கிழமை.