பதினாலு அறுபது வரட்டும்

பணம் மாற்றும் கடையில் இரண்டாம் நம்பர் கவுன்ட்டரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தால் ரேட்டக்கா என்று பேர் வராமல் வேறென்ன வரும்? வீட்டில் வைத்த பேரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், கடையில் பாதிப் பேர் திருதிருவென்று முழிப்பார்கள்.

அவள் சேர்ந்த காலத்தில் இப்போதுபோல எண்கள் தானாக ஓடும் திரையெல்லாம் கிடையாது. கொக்கி வைத்த மரப்பலகைதான். காலை ஒன்பது மணிக்கு முதலாளி வங்கிக்குப் போன் போட்டு அன்றைய விலையைக் கேட்டுக் கத்துவார். ரேட்டக்கா முக்காலியில் ஏறித் தகட்டு எண்களை ஒவ்வொன்றாக மாட்டுவாள். ஒன்பதாம் எண்ணுக்கு எப்போதும் பஞ்சம். ஆறைத் தலைகீழாக மாட்டிச் சமாளிப்பாள். என்ன அழகான காலைகள் அவை! கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் கூட்டம் நிற்கும். தகடு மேலே ஏறினால் ஒரு முகம் மலரும், பக்கத்து முகம் தொங்கும்.

நாளாக நாளாக அவளுக்கு வருஷக் கணக்கே மறந்துபோனது. கல்யாணம் எப்போது என்று கேட்டால், "வெளிநாட்டுப் பணம் பன்னெண்டு பத்து இருந்தப்ப" என்பாள். மகன் பிறந்தது பதிமூணு நாற்பதில். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை எப்படி என்று யாரோ கேட்டதற்கு, "வாங்குற விலைக்குச் சொல்லட்டுமா, விக்கிற விலைக்குச் சொல்லட்டுமா?" என்று அவள் கேட்டது அந்தத் தெருவில் ரொம்ப நாள் ஓடியது. நாளைக்கு ஏறுமா இறங்குமா என்று பெரிய வியாபாரிகள்கூட அவளிடம் ஜாடையாகக் கேட்டுவிட்டுப் போவார்கள். பத்துக்கு எட்டு பலிக்கும். அந்தத் தலைக்கனமும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

பலிக்காத இரண்டில் ஒன்று சொந்தத் தங்கையின் தலையில் விழுந்தது.

தங்கை வெளிநாட்டில் ஒரு தையல் ஆலையில் ஆறு வருஷம் உழைத்துவிட்டு, இனி போகவே போவதில்லை என்று ஊர் திரும்பியிருந்தாள். ஒரு சின்ன அறை பிடித்து, நாலு மெஷின் போட்டுச் சொந்தமாகத் தைக்க வேண்டும் என்று ஆசை. ஒரு வெள்ளிக்கிழமை மொத்தப் பணத்தையும் பையில் போட்டுக்கொண்டு கவுன்ட்டருக்கு வந்தாள். பலகையில் அந்த நாட்டுப் பணத்துக்கு விலை பதினாலு அறுபது.

"இன்னிக்கு மாத்தாதேடி. திங்கக்கிழமை வா, பதினஞ்சு தாண்டும்" என்றாள் ரேட்டக்கா.

"நீ சொன்னா சரிக்கா" என்று தங்கை பையை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டு அரசாங்கம் தன் பணத்தின் மதிப்பைக் குறைத்துவிட்டதாக வானொலி சொன்னது. திங்கட்கிழமை காலை ரேட்டக்கா ஒன்பது எண்பது என்ற தகடுகளை மாட்டினாள். மூன்றில் ஒரு பங்கு போச்சு. அறையும் போச்சு, மெஷினும் போச்சு. தங்கை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த மாதமே பெட்டியைக் கட்டி மறுபடி அதே ஆலைக்குப் போய்விட்டாள். அவள் கிளம்பிய அன்று ரேட்டக்கா வழியனுப்பப் போகவில்லை. கடையில் வேலை என்று பேர்.

அதற்கப்புறம் தங்கையிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது, போன் நம்பரோடு. ரேட்டக்கா பதில் போடவில்லை. பலகையில் மறுபடி பதினாலு அறுபது வரட்டும், அன்றைக்குப் பேசுகிறேன் என்று மனசுக்குள் ஒரு வீம்பு. தோற்ற இடத்திலேயே ஜெயித்துக் காட்டிவிட்டுத்தான் முகம் காட்டுவாளாம்! இலவு காத்த கிளி என்று அவளைத்தான் சொல்ல வேண்டும். பத்து இருபது ஆயிற்று, பதினொன்று ஐம்பது ஆயிற்று. தங்கைக்கு அங்கேயே ஒருவரோடு கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது. எல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். புது வீட்டுப் போன் நம்பரும் அம்மா தந்ததுதான். ஒரு வருஷம் பதினாலு முப்பத்தைந்து வரைக்கும் வந்தது. அன்றைக்கு ரேட்டக்கா போனை எடுத்துப் பாதி நம்பர் சுழற்றினாள். இன்னும் இருபத்தைந்து காசுதானே, இருக்கட்டும் என்று வைத்துவிட்டாள். மறுவாரம் சரசரவென்று இறங்கியது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

தங்கை திரும்பிப் போன பதினேழாவது வருஷம் அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் பழைய பணத்தையே ஒழித்துவிட்டு, அக்கம்பக்கத்து நாடுகளோடு சேர்ந்து பொதுவாக ஒரு புதுப் பணம் கொண்டுவந்தார்கள். "அந்த வரிசையக் கழட்டிடும்மா, இனிமே அதுக்கு ரேட்டே கிடையாது" என்றார் முதலாளி. ரேட்டக்கா முக்காலியில் ஏறித் தகடுகளைக் கழற்றினாள். காலியான கொக்கிகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். இறங்கி வந்து, கவுன்ட்டர் போனிலேயே, எத்தனையோ தடவை பார்த்து மனப்பாடமாகியிருந்த நம்பரைச் சுழற்றினாள்.

"நான்தாண்டி, அக்கா."

"அக்காவா!" என்றாள் அந்தப் பக்கம் தங்கை.

"பதினாலு அறுபது வரட்டும்னு காத்திருந்தேன். இனிமே வரவே வராதாம்" என்றாள் ரேட்டக்கா.

"அது என்ன பதினாலு அறுபது?" என்று தங்கை கேட்டாள். நிஜமாகவே அவளுக்கு ஞாபகமில்லை. அக்கா விளக்கிச் சொன்னதும், "அடிப் பாவி, அதுக்கா இத்தனை வருஷம்? நான் கிளம்புன அன்னிக்கு டாக்சிய நிறுத்திட்டு உன் கவுன்ட்டர் முன்னாடி வந்து நின்னேன், தெரியுமா? ஆள் இல்லன்னு போர்டு மாட்டியிருந்துது" என்றாள்.

"உள்ளேதாண்டி இருந்தேன். தடுப்புக்குப் பின்னாடி."

"தெரியும். கீழே உன் செருப்பு தெரிஞ்சுது" என்றாள் தங்கை. "கூப்பிட்டா வருவே. வந்தா அழுதுடுவே. அத்தனை பேர் முன்னாடி நீ அழ வேண்டாம்னுதான் கூப்பிடாமப் போனேன்."

வரிசையில் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். முதலாளி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். ரேட்டக்கா யாரையும் பார்க்காமல், போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.