என் முறை வரட்டும் சார்!

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காரணம், என் மனைவி வசந்தா. இந்த வாரம் கொஞ்சம் பீற்றிக்கொள்ளப் போகிறேன். பொறுத்துக்கொள்வீர்கள்தானே?

அடையாறில் எங்கள் ஃபிளாட்ஸில் வருடா வருடம் பொங்கலை ஒட்டி மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு ரம்மி டோர்னமென்ட் நடக்கும். காசு வைத்து ஆட்டம் கிடையாது. பரிசு ஒன்று, பந்தா நிறைய. ஆண்கள் மட்டும்தான் ஆடுவார்கள். பெண்களுக்கு? கீழே கோலப் போட்டி. அதற்கு ஜட்ஜும் ஆண்கள்தான்!

இந்த வருடம் வசந்தா ரம்மிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

அசோசியேஷன் செக்ரட்டரி ராமநாதன் சார் மயிலாப்பூரிலிருந்து குடிவந்தவர், ரிடையர்டு பேங்க் ஆபீசர், போன வருட சாம்பியன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆடுங்கோம்மா, வேண்டாங்கலை. ஆனா இது ஒரு டிரையல்தான். சரிப்பட்டு வரலைன்னா அடுத்த வருஷம் லேடீஸுக்குக் கோலத்தோட சரி. அப்புறம் யாரும் எங்கிட்ட சண்டைக்கு வரப்படாது."

'யாரும்' என்று அவர் சொன்னது, படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற பெண்களை. அவர்களுக்கும் ஆட ஆசை. முதலில் வசந்தா போய்ப் பார்க்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவள் தோற்றால் அத்தனை பேருக்கும் கதவைச் சாத்திவிடுவார்கள்.

நானும் ஆடினேன். என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போடப் போட ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பார்க்கிற ஜாதி நான். எனக்கு ஜோக்கர் வந்தால் எதிர் மாடியில் துணி காயப்போடுகிறவர்களுக்குக்கூடத் தெரிந்துவிடும். முதல் ரவுண்டிலேயே அவுட்.

வசந்தா வேறு ரகம். பதின்மூன்று சீட்டும் அவள் முன்னால் கவிழ்ந்தே கிடந்தன. தன் முறை வரும்வரை தொடக்கூட இல்லை. மற்றவர்கள் சீட்டை எடுத்துப் பார்க்க... இவள் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்!

சினிமா ஸ்டூடியோவில் லைட்மேனாக இருக்கும் கீழ் ஃபிளாட் மணி என் காதைக் கடித்தார். "இன்னா சார், அண்ணி சீட்டே பாக்காம குந்திகினு கீறாங்க? ஆட்டம் தெரியும்ல?"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நடுவில் காபி கொடுக்கும் சாக்கில் போய்க் கேட்டேன். "என்னங்க, சீட்டு எங்கேயும் ஓடிப் போயிடாது. மூஞ்சிதான் ஓடிப் போயிடும். பாத்த நிமிஷம் தெரியறது அடுத்த நிமிஷம் தெரியாது" என்றாள். காபியில் சர்க்கரை பத்தவில்லை என்றும் சொன்னாள்.

வீட்டிலும் இப்படித்தான். பெண்ணுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் பேப்பரில் வந்த அன்று நான் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினேன். இவள் ரசத்துக்குத் தாளித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்துதான் பேப்பரைத் தொட்டாள். நெஞ்சில் ஈரமே இல்லையா என்று அன்றைக்குக் கத்தினேன். அது ஈரமில்லாமை இல்லை சார், நிதானம்!

ஃபைனல். யாரோடு? ராமநாதன் சாரோடுதான்.

நூற்றொன்றைத் தொட்டால் அவுட். வசந்தா விளிம்பில் நின்றாள். இந்த ஆட்டத்தில் ஆடாமலே ஸ்கூட் விட்டு ஒதுங்கினால்கூட அந்த இருபது பாயிண்டில் அவள் கதை முடிந்துவிடும். எந்தச் சீட்டு வந்தாலும் ஆடியே ஆக வேண்டும். சார் அப்படியில்லை. ஸ்கூட் விட்டால் தப்பித்து அடுத்த ஆட்டம் ஆடலாம். ஆடி, ரம்மியே சேராமல் ஃபுல் எண்பது பாயிண்ட் கொடுத்தால்தான் அவுட்.

வசந்தா சீட்டுப் போட்டாள். தன் சீட்டை வழக்கம்போல் கவிழ்த்தே வைத்தாள். முதலில் ஆட வேண்டியவர் சார். கையை விரித்தார், அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். ஸ்கூட்டா, ஆட்டமா என்று முடிவெடுக்க எதிராளி முகத்தைப் பார்ப்பது அவர் பழக்கம். நிமிர்ந்து பார்த்தார். பார்க்காத சீட்டுக்கு முகத்தில் என்ன தெரியும்?

"என்னம்மா, சீட்டைப் பாக்கலையா?"

"என் முறை வரட்டும் சார்."

"ஒருதரம் பாத்துடுங்கோளேன்!"

"நீங்க ஆடுங்க சார். நான் உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

படிக்கட்டிலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. சாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சீட்டே பாக்காதவாகிட்ட நான் ஸ்கூட் விடறதா? ஊர் சிரிக்கும்! ஆடறேன்!" ஒரு சீட்டை எடுத்து, ஒன்றை இறக்கினார்.

அதற்கப்புறம்தான் வசந்தா தன் சீட்டை நிமிர்த்தினாள். கை ஒன்றும் பிரமாதமில்லை என்று பிறகு சொன்னாள். ஆனால் சாருடைய கை அதைவிட மோசம் என்று அவர் அடுக்கிக் கலைத்ததிலேயே தெரிந்துவிட்டதாம். பதறாமல் ஆடினாள். கொஞ்ச நேரத்தில் "டிக்ளேர்" என்று சீட்டைப் பரப்பினாள். சார் கையில் ரம்மியே சேரவில்லை. ஃபுல்!

மாடி அதிர்ந்தது. மணி விசில் அடித்தார். நான் அழுதேன்... ஆமாம், அழுதேன், அதற்கென்ன?

ராமநாதன் சார் பெரிய மனுஷர். எழுந்து நின்று கைகுலுக்கினார். "அடுத்த வருஷம் லேடீஸ் தாராளமா பேர் கொடுக்கலாம்" என்று அவரே மைக்கில் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பரிசு பார்சலை மட்டும் கொஞ்சம் தயங்கித் தயங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தா பார்சலை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு அரிசி களைய உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பிரிக்கவா?"

"பிரிங்க. அது உங்களுக்குத்தான்."

"பார்க்காமலே எப்படித் தெரியும்?"

"கொடுக்கறப்ப சார் மூஞ்சியைப் பாக்கலையா நீங்க?"

கலர் பேப்பரைக் கிழித்தேன். தி.நகரில் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார்கள், ஆண்தான் ஜெயிப்பான் என்கிற நம்பிக்கையில். உள்ளே... ஷேவிங் செட்!

ஒரு வாரமாக என் மனைவி ஜெயித்த ரேஸரில்தான் முகம் வழித்துக்கொள்கிறேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் யாராவது வீட்டுக்கு வந்தால் இன்னொரு தடவை!