பாதி அவித்த நெல்

யுத்தம் முடிந்த வருடம் செஞ்சி கடைத்தெருவில் பழைய ஆங்கில அகராதி ஒன்று வாங்கினேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அகராதியில் படித்ததை வீட்டாருக்குச் சொல்வது என் கடமை என்று நினைத்தேன்.

அக்காவைப் பெண் பார்க்க வல்லத்திலிருந்து வருவதாக இருந்தது. விருந்துக்காக அம்மா வேர்க்கடலைத் தோலை எரித்து அண்டாவில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். அன்று காலைதான் ‘பார்பாயில்’ என்ற வினைச்சொல்லைப் பார்த்திருந்தேன். பாதி வேகவைத்தல் என்று பொருள் போட்டிருந்தது. நெல் அவிப்பதற்கும் வெள்ளைக்காரன் அதையேதான் சொல்கிறான்.

“எப்பவும் எத்தினி கூடை மல்லாட்டத் தோலு எரிப்ப?”

“நாலு.”

“அப்ப ரெண்டு போதும். பாதின்னுதான் போட்டிருக்குது.”

“நெல்லு வாய் தொறக்கணும்டா” என்றாள் அம்மா.

“படிச்ச புள்ள சொல்றான், கேளு” என்றார் நைனா.

இரண்டாவது கூடை எரிந்ததும் நானே தண்ணீர் தெளித்து அடுப்பை அணைத்தேன்.

காயவைத்து உரலில் குத்தினால் எல்லாம் நொய். ரேஷன் காலம், வேறு அரிசிக்கு வழியில்லை. குழைந்த அந்தச் சோற்றைத்தான் வந்தவர்களுக்குப் போட்டோம். அக்கா கதவோரம் நின்று என்னை முறைத்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு கவளம் உருட்டப் பார்த்தார். “இன்னாங்க, கஞ்சிய எலையில ஊத்திட்டீங்களா?”

நைனா தலை குனிந்தார். “பையன் இங்கிலீசு புக்கு பாத்து அவிச்சதுங்க.”

மாப்பிள்ளையின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்க பையன் பள்ளிக்கூடம் பக்கமே போனதில்ல. உங்க பொண்ணுக்கு எங்க வூட்ல முழு சோறு நிச்சயம்.”

அன்றைக்கே வெற்றிலைபாக்கு மாற்றிக்கொண்டார்கள்.