பரஞ்சோதி அண்ணையின் காலும் என் எருக்கம்பாலும்

பரஞ்சோதி அண்ணை காலமாகிவிட்டார் என்று தொலைபேசியில் செய்தி வந்தபோது நான் நெல்லியடிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். காயை வைத்துவிட்டு வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். எதிர்பார்த்திருந்த செய்திதான்.

கரவெட்டியில் அவர் கிராம அலுவலராக இருந்த காலம் முழுவதும் நான் பக்கத்து மேசையில் வேலை பார்த்தேன். அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொன்னால் போதும். எல்லைச் சண்டை தீர்க்கப் போனால், செருப்பை வேலியோடு கழற்றி வைத்துவிட்டுத்தான் காணிக்குள் இறங்குவார். "பயிர் நிக்கிற நிலம், செருப்போடை மிதிக்கப்படாது" என்பார். அந்த வெறுங்காலைப் பார்த்து இரு பகுதியாரும் குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

அந்தக் காலின் குதியில்தான் ஒரு நாள் கறுப்பாக, பொட்டளவில் ஒன்று வந்தது. முள் குத்திக் கால் ஆணி விழுந்திருக்கிறது என்று நாங்கள் எல்லோருமாகத் தீர்மானித்தோம். எங்கள் பக்கத்தில் உள்ளங்காலில் எது வந்தாலும் அது ஆணிதான். என் அப்பாவின் ஆணி எருக்கம்பாலில் போனது. ஆகவே ஒவ்வொரு காலையும் வேலியோரத்து எருக்கலையில் பால் எடுத்து, சின்னப் போத்தலில் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டொரு தடவை அவர், "தங்கச்சி, ஒருக்கா ஆஸ்பத்திரியிலை காட்டுவமோ?" என்று கேட்டார்.

"ஆணிக்கு ஆரும் ஆஸ்பத்திரிக்குப் போவினமோ அண்ணை?" என்று நான்தான் சிரித்தேன்.

"நீர் டொக்டருக்குப் படிக்காமல் விட்டது நாட்டுக்கு நட்டம்" என்று அவரும் சிரித்தார். ஏழெட்டு மாதம் பூசினார். தோல் வெந்ததுதான் மிச்சம். கறுப்பு பெருத்துக்கொண்டே போனது.

இரத்தம் கசியத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோல் புற்றுநோய், உள்ளே பரவிவிட்டது என்றார்கள். "இதுக்கு எருக்கம்பால் பூசச் சொன்னது ஆர்?" என்று டொக்டர் கேட்டார். அண்ணையின் மனைவி சரசக்காவும் நானும் பக்கத்தில் நின்றோம்.

"நானாத்தான் பூசினனான்" என்றார் அண்ணை. என் பக்கம் திரும்பவேயில்லை.

பிறகு ஊரே மருந்து கொண்டுவந்தது. மஞ்சள் உருண்டை, முள்ளு அன்னமுன்னா இலை, பெயர் தெரியாத எண்ணெய் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாங்கி அலுமாரியில் வைப்பார். ஆஸ்பத்திரி மருந்தை மட்டும் எடுப்பார். யாரும் இல்லாத ஒரு பின்னேரம் அவர் முன்னால் நான் அழுதுவிட்டேன். "நீர் கெடுதல் நினைச்சோ தந்தனீர்? விடும்" என்றார். அதற்குப் பிறகு ஒருபோதும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை, இன்றும் ஆறவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு மலருக்காக இதுவரை எழுதியதை, அச்சுக்குக் கொடுக்க முன் சரசக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பூசச் சொன்னது யார் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. எழுந்து குசினிக்குள் போனார். கன நேரம் வரவில்லை. வந்து தேத்தண்ணியை வைத்தபோதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உந்தப் பகுதியை வெட்டாமல் போடும்," என்றார். "வாசிக்கிறவை தங்கடை காலைப் பாக்கட்டும்."

அண்ணை, எனக்காக நீங்கள் மறைத்ததை நான் அச்சில் ஏற்றிவிட்டேன். சரசக்கா இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கதைக்கும்வரை அந்த வீட்டுக்குப் போய்வருவேன். கோவிக்காதேங்கோ. போயிட்டு வாங்கோ.