கட்டைவிரல் நாடி

எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே “தெரியும்” என்பது என் கொழுந்தனின் பழக்கம். பத்து வருடமாகப் பார்க்கிறேன். பிசியோதெரபி முதலாம் ஆண்டில் சேர்ந்ததும் அது முற்றிவிட்டது. உடலியங்கியல் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டுப் போனைப் பார்ப்பான். புத்தகத்தைத் தூசி தட்டியது நான்தான்.

நாடி பார்க்கும் படத்தில் மூன்று விரல்கள் இருந்தன. கட்டைவிரல்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. ஏன் என்று புரியாமல் என் கட்டைவிரலை மேசை விளிம்பில் அழுத்தினேன். அதுவே துடித்தது.

கொழுந்தன் அந்தப் பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றவன். செய்முறைத் தேர்வில் மறுபடி தோற்றால் இரண்டாம் ஆண்டு கிடையாது. தேர்வுக்கு முந்தைய நாள் பழகிப் பார்க்க என் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலை வைத்து எண்ணினான்.

“தம்பி, கட்டைவிரல வெச்சா...”

“தெரியும் அண்ணி. எட்டாவதோட நின்னவங்க எனக்குப் பாடம் எடுக்காதீங்க. நூத்திப்பத்து. உங்களுக்குப் படபடப்பு இருக்கு, தண்ணி குடிங்க.”

“பாத்தியா, தொட்டே சொல்லிட்டான்” என்று மாமியார் பூரித்துப்போனார்.

உள்ளே போய் மூன்று விரல் வைத்து எண்ணினேன். எழுபத்திரண்டு. படபடப்பு அவனுடையது.

மறுநாள் தேர்வாளர் தன் கையையே நீட்டினாராம். கூடப் படிப்பவன் வந்து சொன்னான். இவன் நூற்றிருபது என்றதும், “அது உன்னோடதுப்பா, கெளம்பு” என்றாராம்.

“அந்தாளுக்கு என்மேல காண்டு” என்றான் வீட்டில்.

இப்போது தனக்குப் பின்னால் சேர்ந்தவர்களோடு மறுபடி முதலாம் ஆண்டில் உட்கார்ந்திருக்கிறான். மாமியார் வருகிறவர்களிடம் “டாக்டருக்குப் படிக்கிறான்” என்கிறார். நான் திருத்துவதில்லை.